முழுக்கோழியும் வீட்டு உறுதியும்

1

மட்டக்களப்பிலிருந்து கப்பலேறி இந்த ஆவணியோடு பதினேழு வருடம் முடிகிறது. நான் புறப்பட்ட நாளில் கல்லடியில் பாலம் இல்லை. ஓடத்தில் ஏறித்தான் புளியந்தீவுக்குப் போனோம். இப்போது பாலம் கட்டியாயிற்றாம், ரயிலும் வந்துவிட்டதாம். எல்லாம் அக்காவின் கடிதங்களில் படித்ததுதான். "மலாயாவில் இருக்கிறவளுக்கு என்ன குறை" என்று ஊரில் நீங்கள் பேசிக்கொள்வதும் அதே கடிதங்களில்தான் வருகிறது. கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

மூன்று கிழமைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் முழுக்கோழி ரோஸ்ட் செய்தோம். கோழியைத் துண்டு போடாமல் அப்படியே முழுதாகத் தட்டில் வைத்து, சுற்றிவர மரக்கறி அடுக்கி, குழம்பும் இல்லாமல் பொரியலும் இல்லாமல் அடுப்புப் பெட்டியின் சூட்டிலேயே வேகவிடுவது. அந்த ஒரு சாப்பாட்டுக்குப் பிறகு இந்த வீட்டில் நாலு பேரும் ஒருவரோடொருவர் முகம் பார்த்துப் பேசுவதில்லை. கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று பார்த்தேன். அது ஆறுகிற மாதிரித் தெரியவில்லை. சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன்.

நாலு பேரையும் சொல்லிவிட வேண்டும். என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர். மட்டக்களப்பு அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்தபோது என்னைக் கட்டினார். இப்போது இங்கே ரயில்வேக் கந்தோரில் வேலை. மகன் ராசனைக் கைக்குழந்தையாகக் கப்பலில் தூக்கிக்கொண்டு வந்தேன். அவனுக்கு இப்போது பதினெட்டு. டாக்டர் படிப்புக்குச் சிங்கப்பூர் போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். மகள் பூமணி இங்கே பிறந்தவள், பதினாலு வயது. நான் பிறந்த மண்ணை அவள் கண்ணால் கண்டதில்லை.

ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது. செட்டிபாளையத்தில், வாவிக்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், என் பெயரில் உள்ள வீடு. ஓட்டுக்கூரை, மூன்று அறை, பின்வளவில் கிணறு. அதன் உறுதிப் பத்திரம் அக்காவின் அலுமாரியில் இருக்கிறது. சண்டை அதைப் பற்றித்தான். கோழி இடையில் வந்தது.

2

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். இங்கே சொன்னால் ஒருவருக்கும் விளங்காது, அதனால் உங்களிடமாவது வரிசையாகச் சொல்கிறேன். பெண்பிள்ளை பிறந்தால் தாய் தகப்பன் அவளுக்கு ஒரு வீட்டுக்கு வழி தேடத் தொடங்குவார்கள். கல்யாணத்தன்று மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். வந்தவர் நல்லவராக இருந்தால் இருப்பார். நல்லவர் இல்லையென்றால் அவருடைய பெட்டியைத் தூக்கி வாசலில் வைக்கலாம். வீடு தாயிடமிருந்து மகளுக்கு, அவளிடமிருந்து அவள் மகளுக்கு. நடுவில் ஆண்கள் வருவார்கள், இருப்பார்கள், போவார்கள்.

இந்த வழக்கத்தை நான் கப்பலில் கூடவே கொண்டுவந்துவிட்டேன் போலிருக்கிறது. வந்த புதிதில் ஒருநாள் ஆட்கணக்கு எடுக்க ஒரு உத்தியோகத்தர் வந்தார். தமிழ் பேசினார், தமிழ்நாட்டுக்காரர்.

"வீட்டுத் தலைவர் யாரும்மா?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

என்னை ஒரு மாதிரி பரிதாபமாகப் பார்த்தார், எழுதிக்கொண்டு போய்விட்டார். இரண்டு மாதம் கழித்து என் கணவருக்குக் கந்தோரிலிருந்து கடிதம் வருகிறது: இந்த அரசாங்கக் குடியிருப்பில் ஒரு கைம்பெண் எப்படிக் குடியிருக்கிறாள் என்று விளக்கம் வேண்டுமாம். அந்த மனிதர் என்னைத் தாலியறுத்தவளாக எழுதிவிட்டுப் போயிருக்கிறார். புருசன் உயிரோடு இருக்கும்போது ஒரு பெண் தன்னை வீட்டுத் தலைவர் என்று சொல்வாள் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. என் கணவர் தான் சாகவில்லை என்று காட்டுவதற்கு மூன்று தரம் மூன்று மேசைக்கு அலைந்தார்.

அன்றைக்கு நானும் சிரித்தேன். ஆனால் குடியிருப்பில் இருந்த என் கணவரின் ஊர்ப் பெண்கள் சிரித்தது வேறு சிரிப்பு. மட்டக்களப்பார் மந்திரம் செய்து ஆம்பிளைகளைப் பாயோடு ஒட்டவைப்பார்களாம். அந்தப் பழைய நக்கலை நான் இந்த ஊரில் எத்தனை வாயிலிருந்து கேட்டிருக்கிறேன் என்று கணக்கில்லை. நான் இந்த மனிதரை ஒட்டவைத்திருந்தால் இவர் என் வீட்டில் அல்லவா இருந்திருப்பார். நான் இவர் பின்னால் வந்து இந்த மலேரியாக் குடியிருப்பில் நுளம்பு அடித்துக்கொண்டிருக்கிறேன். ஒட்டியது யார்?

3

வீட்டை விற்கும் பேச்சு சித்திரையில் தொடங்கியது. ராசனின் படிப்புக்கு. ஊரில் ஒரு முதலாளி அந்த வளவை வாங்கத் தயாராக இருக்கிறார் என்று இவருக்கு யாரோ எழுதியிருந்தார்கள்.

"அது பூமணிட வீடு" என்றேன்.

"அவள் அங்கை போய் இருக்கப்போறாளே? சும்மா பூட்டிக் கிடக்கிற வீடு."

"ஒங்கட யாழ்ப்பாணத்துப் பனங்காணியும் சும்மாதானே கிடக்கு. அத வித்தா என்ன?"

அதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "அதெப்பிடி விக்கிறது? அது என்ரை தங்கச்சிக்குச் சீதனமாய்க் குடுக்கவேண்டிய காணியெல்லோ."

பார்த்தீர்களா. தங்கைக்குரிய காணியைத் தொடக்கூடாது என்று இவருக்குத் தெரியும். மகளுக்குரிய வீட்டைத்தான் தொடலாம். நான் இதைச் சொன்னேன். அவர் பேப்பரை எடுத்து முகத்துக்கு முன்னால் விரித்துக்கொண்டார். அதற்குப் பிறகு நாலு மாதம் அந்தப் பேச்சே இல்லை. கதை முடிந்தது என்று நினைத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ராசன் படிக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. என் காதில் கிடந்ததையும் கையில் கிடந்ததையும் கழற்றிக் கொடுக்கிறேன் என்றேன். அதைக் கேட்க அவன் இருக்கவில்லை, எழுந்து போய்விட்டான். அவனுக்கு என்னோடு உட்கார்ந்து தமிழில் ஒரு விசயம் பேசி முடிக்கப் பொறுமை கிடையாது. பாதியில் இங்கிலீசுக்குப் போய்விடுவான், நான் கதவுக்கு வெளியே நிற்பேன்.

4

கோழிக்கு வருகிறேன்.

பூமணியின் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குச் சமையல் படிப்பிக்கிறார்கள். வெள்ளைக்கார டீச்சர். குடும்பத்துக்கு இலேசான சாப்பாடு என்று முழுக்கோழி ரோஸ்டைக் காட்டிக் கொடுத்திருக்கிறார். ஒரு கோழி, கொஞ்சம் மரக்கறி, ஒரே தட்டு, சமைக்கிறவள் அடுப்படியில் நிற்க வேண்டியதில்லை. பிள்ளை அதைச் சொன்னதும் என் கணவர் தலை நிமிர்ந்தார்.

"நல்லதாப் போச்சு. வாற ஞாயிறு மத்தியானம் அதைச் செய்வம். அம்பலவாணர் அண்ணையையும் கூப்பிடுறன்." என்னைப் பார்த்து, "நீரும் அடுப்படியிலை நில்லாமல் எங்களோடை மேசையிலை இருந்து சாப்பிடலாம்" என்றார்.

பதினேழு வருடமாக வீட்டுக்கு வந்தவர்களுக்கு நான் பரிமாறியிருக்கிறேன். மேசையில் உட்காரச் சொல்லி அவர் ஒருநாளும் கேட்டதில்லை. எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இதை எழுதும்போதுதான் எனக்கு அதிகமாகக் கோபம் வருகிறது, அவர் மேல் அல்ல, என் மேல். சனிக்கிழமை இரவே நல்ல சீலை ஒன்றை எடுத்து மடித்து வைத்தேன்.

ஞாயிறு காலை சந்தைக்குப் போய் முட்டையிடத் தொடங்காத விடைக்கோழியாகப் பார்த்து வாங்கினேன். முற்றின கோழி அந்தச் சூட்டுக்கு மசியாது, அதை எந்த டீச்சரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. "அம்மா, ஆயம் கொண்டாந்தாச்சா?" என்று பூமணி வாசலில் நின்று கேட்டாள். ஆயம் என்பது மலாய்க்காரர் கோழிக்குச் சொல்லும் சொல். அவள் தமிழும் மலாயும் இங்கிலீசும் கலந்து பேசுவாள், எது எது என்று அவளுக்கே தெரியாது.

உருளைக்கிழங்கு, கரட், போஞ்சி, வெங்காயம் எல்லாவற்றையும் அவளே வெட்டினாள். நான் கோழியைத் தணலில் வாட்டி மஞ்சளும் உப்பும் தேய்த்துக் கழுவினேன்.

"ஐயோ அம்மா, மஞ்சள் புத்தகத்தில இல்ல!"

"புத்தகத்தில இல்லாட்டி கோழி நாறாதா?"

தலையில் கைவைத்துக்கொண்டாள். பிறகு சிரித்துவிட்டாள். மஞ்சள் நிறத்தில் இருந்த கோழிக்கு அவள் பட்டர் பூசினாள், மிளகு தூவினாள், வயிற்றுக்குள் ஒரு முழு வெங்காயத்தைத் திணித்தாள், கால் இரண்டையும் நூலால் கட்டினாள். தகரப் பெட்டியைக் கரி அடுப்பில் ஏற்றி, மூடியின் மேலும் சிரட்டைக் கரி போட்டோம். அரை மணிக்கொரு தரம் திறந்து, வடிந்த நெய்யை எடுத்துக் கோழியின் மேல் ஊற்றினாள். அவள் முகமெல்லாம் கரி. நானும் அவளும் அப்படிச் சேர்ந்து நின்று வெகு நாளாகியிருந்தது.

"அம்மா, எனக்குக் கால்தான் வேணும். நான்தானே சமைச்ச."

"ஒனக்குத்தான், வேற ஆருக்கு?"

"ஆனா வெட்டுறது அப்பாட வேலையாம். டீச்சர் சொன்னவ. சமைக்கிறது அம்மா, மேசையில வெட்டிப் பங்கு வைக்கிறது அப்பா."

எனக்கு அது கொஞ்சம் உறைத்தது. எங்கள் வீட்டில் கோழி வெட்டினால் அடுப்பில் ஏறும் முன்பே துண்டாகிவிடும், அகப்பை என் தாயின் கையில் இருக்கும். என் தாய் ஒன்றும் நியாயஸ்தி இல்லை. பிடித்த மகளுக்குச் சதையும் பிடிக்காத மருமகனுக்குக் குழம்பும் எலும்பும் போடுவா. ஆனால் யாருக்கு என்ன என்று தீர்மானிப்பது அவ. சாப்பிட வந்த ஆம்பிளைகள் கோப்பையை நீட்டுவார்கள், விழுந்ததைத் தின்றுவிட்டுப் போவார்கள். முழுக்கோழியில் அது தலைகீழ். பெண் வேகவைப்பாள், அதைப் பிரிப்பது கத்தி வைத்திருக்கிறவர். நான் அதை அப்போதே யோசித்திருக்க வேண்டும். கோழி வாசம் வீடு முழுக்க வந்துவிட்டது, நான் சீலை மாற்றப் போய்விட்டேன்.

5

அம்பலவாணர் என் கணவரின் ஊர்க்காரர். நீதிபதிக்குக் கீழே கோட்டில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். பத்திரங்களுக்குச் சாட்சிக் கையெழுத்து வைக்கிற அதிகாரம் அவருக்கு உண்டு. அது எனக்குத் தெரியும், ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த அதிகாரத்தை யார் நினைப்பது? வாங்க என்றேன், தண்ணீர் கொடுத்தேன்.

பூமணி கோழித் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தோல் பொன்னிறமாக வெடித்து, சுற்றிவர உருளைக்கிழங்கும் கரட்டும் நெய்யில் மினுங்கிக்கொண்டு, உண்மையைச் சொன்னால் அழகாகத்தான் இருந்தது. நடு மேசையில் வைத்துவிட்டு எல்லாருடைய முகத்தையும் பார்த்தாள்.

என் கணவர் எழுந்து நின்று கத்தியை எடுத்தார். அவர் வாழ்க்கையில் கோழி வெட்டியதில்லை. மூட்டு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் எலும்பில் வைத்து அறுத்தார். கோழி வழுக்கிக்கொண்டு ஓடியது. இரண்டு உருளைக்கிழங்கு மேசைத்துணியில் உருண்டது. "இஞ்ச தாங்க, நான் வெட்டுறன்" என்று கையை நீட்டினேன். "நீர் இரும்" என்றார்.

ஒருவழியாகப் பிய்த்தார். ஒரு கால் அம்பலவாணருக்கு. மற்றக் கால் ராசனுக்கு. நெஞ்சுச் சதை தனக்கு. பூமணிக்கு ஒரு செட்டை. எனக்கு முதுகெலும்பும் கழுத்தும். யார் சமைத்தது என்று கேட்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் பூமணியைப் பார்த்து, "பிள்ளைக்குக் காணுமோ?" என்றார்.

"காணும் அப்பா" என்றாள் அவள்.

இரண்டு மணி நேரத்துக்கு முன் கால்தான் வேணும் என்று கரி முகத்தோடு நின்றவள். காணுமாம், அது போதுமாம்.

பாதிச் சாப்பாட்டில் அவர் எழுந்து போய் ஒரு பத்திரம் கொண்டுவந்தார். கூடவே பேனாவும். என் தட்டைக் கொஞ்சம் தள்ளி அந்த இடத்தில் விரித்தார். இங்கிலீசில் அடித்த பத்திரம், கீழே முத்திரை ஒட்டியிருந்தது.

"இதிலை ஒரு கையெழுத்து வையும். ஊரிலை ஒரு ஆளுக்கு உம்முடைய பேரிலை காரியம் பாக்க அதிகாரம் குடுக்கிற பத்திரம். அண்ணை சாட்சி. ஐஞ்சு நிமிசத்து அலுவல்."

என்ன காரியம் என்று கேட்டேன். "வீட்டு அலுவல்தான்" என்றார். ராசன் தலையைக் குனிந்து கோழிக் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு முன்பே தெரியும் என்று எனக்கு விளங்கியது. மேசையில் ஏன் என்னை உட்கார வைத்தார்கள் என்பதும் விளங்கியது. அடுப்படியில் நிற்கிறவளிடம் பேனாவை நீட்ட முடியாது, அவள் கையில் கரண்டி இருக்கும்.

"பூமணி, இத வாசி" என்றேன்.

"அவளுக்கு இது விளங்காது."

"வாசி மகள்."

அவள் தகப்பனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கையைத் துடைத்துவிட்டுப் பத்திரத்தை எடுத்தாள். மெல்ல வாசித்துத் தமிழில் சொன்னாள். செட்டிபாளையத்து வீடும் வளவும் விற்பதற்கு அதிகாரம். எல்லை நாலும் சரியாக எழுதியிருந்தது. பிறகு ஓரிடத்தில் தயங்கினாள். "புருசனுக்குச் சீதனமாக் கொடுக்கப்பட்ட வீடு எண்டு போட்டிருக்கும்மா."

"யாருக்கு?"

"புருசனுக்கு. அப்பாக்கு."

இருபது வருடமாக இந்த மனிதரோடு குடும்பம் நடத்துகிறேன். மூன்று வருடம் அந்த வீட்டில் சாப்பிட்டு, உறங்கி, அந்தக் கிணற்றில் குளித்தவர். அதை அவர் தனக்குக் கிடைத்த பொருள் என்றே இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஏமாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. அவர் உண்மையென்று நம்பி எழுதியிருக்கிறார்.

"ஒங்களுக்கு வீடு கிடைக்கல்ல" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "வீட்டுக்குத்தான் நீங்க கிடைச்சீங்க. பெட்டி ஒண்டோட வந்தீங்க. நான் வாசல்ல நிண்டு உள்ள எடுத்தன். மறந்துபோச்சா?"

அம்பலவாணர் கோழிக் காலைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். "மட்டக்களப்பார் பாயோடை ஒட்டவைப்பினம் எண்டு கேள்விப்பட்டனான். வீட்டோடையும் ஒட்டவைப்பினம் போலை."

என் வீட்டுச் சாப்பாட்டைத் தின்றுகொண்டு என்னைச் சொல்கிறார், என் புருசன் சிரிப்பது மாதிரி வாயை வைத்துக்கொண்டு இருக்கிறார். பிறகு என் கணவர் மகள் பக்கம் திரும்பினார். அதுதான் அவருடைய கெட்டித்தனம்.

"பிள்ளை, நீ சொல்லு. உனக்கு அந்த வீடு வேணுமோ? அண்ணா டாக்டரா வரவேண்டாமோ?"

பூமணி தன் தட்டில் கிடந்த செட்டை எலும்பைப் பார்த்தாள். "எனக்கு வேண்டாம் அப்பா. நான் அந்த வீட்டைக் கண்டதே இல்லை. வித்துக் குடுங்கோ."

என்னோடு பேசினால் குடுங்க என்பாள், தகப்பனோடு பேசினால் குடுங்கோ. எந்தப் பக்கம் நிற்கிறாளோ அந்தப் பக்கத்துப் பேச்சு. அது எனக்குப் புதிதல்ல. என்னை எரித்தது வேறு. கால் கிடைக்காமலே காணும் என்று சொன்ன அதே குரலில் வீடும் வேண்டாம் என்றாள். பதினாலு வயதுப் பிள்ளை. இந்தப் பழக்கம் என் தாயிடமிருந்து வந்ததல்ல, என்னிடமிருந்து வந்ததல்ல. இந்த மேசையில் பழகியது. இன்றைக்குக் கோழியும் வீடும். நாளைக்கு இன்னொரு மேசையில் எவனோ ஒருவன் எதையெதையோ தள்ளிவைப்பான், இவள் காணும் என்பாள்.

நான் எழுந்தேன். ராசனின் தட்டில் கால் இன்னும் கடிபடாமல் இருந்தது. அதைக் கையால் எடுத்து பூமணியின் தட்டில் வைத்தேன்.

"நீதான் சமைச்ச. தின்னு."

பத்திரத்தை நாலாக மடித்தேன். "நான் கையெழுத்து வைக்க மாட்டன். அண்ணை, நீங்க சாப்பிட்டுட்டுப் போங்க. சாட்சிக்கு இஞ்ச வேலையில்ல."

ராசன் இங்கிலீசில் ஏதோ சொல்லிவிட்டுக் கதிரையைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான். என்ன சொன்னான் என்று நான் பூமணியிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் சொல்லியிருக்கவும் மாட்டாள்.

6

திங்கட்கிழமை நான் தனியாகத் தபால் கந்தோருக்குப் போனேன். அக்காவுக்குக் கடிதம் எழுதி வைத்திருந்தேன். என் கையெழுத்தோடு என்ன பத்திரம் வந்தாலும், யார் கொண்டுவந்தாலும், நானோ என் மகளோ நேரில் வந்து கேட்டாலொழிய அலுமாரியைத் திறக்காதே என்று. அதைப் பதிவுத் தபாலில் போட வேண்டும் என்றேன். கவுண்டரில் இருந்தவர் அனுப்புகிறவர் பெயரைக் கேட்டார். சொன்னேன். அவர் என் புருசன் பெயரைக் கேட்டு, திருமதி இன்னார் என்று அவர் பெயரை எழுதினார்.

"அது என்ட பேர் இல்ல" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா."

"ஒண்டில்ல. வெட்டிப்போட்டு எழுதுங்க."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் நகரவில்லை. அவர் வெட்டிவிட்டு என் பெயரை எழுதினார், எழுத்துப் பிழையோடு. அதையும் திருத்த வைத்தேன். இப்படி ஒரு பெயரைக் காப்பாற்றுவதற்கு அரைமணி நேரம் போனது.

அன்றிலிருந்து மூன்று கிழமை. என் கணவர் முன்னறையில் படுக்கிறார். சோற்றைப் போட்டு வைத்தால் சாப்பிடுகிறார், தண்ணீர் வேண்டுமென்றால் ராசனைக் கூப்பிடுகிறார். என் நகைகளைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். இன்னும் அங்கேயே இருக்கின்றன, தூசி பிடித்துக்கொண்டு. அவருக்கு நகை வேண்டாம். தான் சொன்னது நடக்க வேண்டும். ராசன் ஒரு வங்கியில் கிளாக்கர் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறான், என்னைத் தண்டிக்க. அடுத்த வருடம் நகையை விற்றுப் படிக்கப் போகலாம் என்றேன். கேட்காதவன் மாதிரி சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனான். அவனும் என் பிள்ளைதான். இருந்தாலும் அவனுக்குச் சோறு போட என்னிடம் அகப்பை இருக்கிறது, தூக்கிக் கொடுக்க என் மகளின் வீடு என்னிடம் இல்லை.

பூமணிதான் அதிகம் பேசுகிறாள், பேசுவதெல்லாம் குத்தல். நேற்று உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஈர உடுப்பு வாளியோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணா அழுதவன், தெரியுமா?"

"தெரியும்."

"உங்களாலதான். நான் அந்த வீட்டுக்கு ஒருநாளும் போகமாட்டன். நான் செத்தாலும் போகமாட்டன். பூட்டி வச்சு நீங்களே பாத்துக்கிட்டு இருங்க."

"சரி" என்றேன்.

"எல்லாரும் என்னைத்தான் பாக்கிறாங்க. நான் கேட்டனா? எனக்கு வேணும் எண்டு நான் கேட்டனா?"

கேட்கவில்லைதான். அன்றைக்கு மேசையில் அந்தக் கோழிக் காலையும் அவள் கேட்கவில்லை. அழுதுகொண்டே தின்றாள், எலும்பு வரைக்கும் தின்றாள், அதை நான் பார்த்தேன். ஆனால் அதைச் சொல்லிக்காட்டவில்லை. அவள் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டேன். அதைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

எனக்கு அவள் மேலும் கோபம்தான். நீங்கள் நினைக்கிறீர்கள், தாய்க்கு மகள் மேல் என்ன கோபம், பிள்ளைதானே என்று. கோபம்தான். ஆனால் என் கோபம் வேறு, அந்த உறுதி வேறு. அவளுக்குப் பதினெட்டு வரட்டும், இருபத்தைந்து வரட்டும். எவனையோ கட்டட்டும், எந்த நாட்டுக்கோ போகட்டும், அங்கே என்ன பாசையையோ பேசட்டும். ஏதோ ஒருநாள் யாரோ ஒருவன் இது என் வீடு, வெளியே போ என்று அவளைப் பார்த்துச் சொல்வான். சொல்லாத ஆண் இருந்தால் நல்லது, நான் அதை நம்பிக்கொண்டு இருக்க முடியாது. அன்றைக்கு அவள் கப்பலோ ரயிலோ ஏறிச் செட்டிபாளையத்துக்கு வருவாள். அக்காவோ அக்காவின் மகளோ அலுமாரியைத் திறந்து கொடுப்பார்கள். உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, அம்மா அண்ணனைப் படிக்கவிடாமல் செய்தவள் என்று என்னைத் திட்டட்டும், வாய் ஓயும் வரை திட்டட்டும். தன் வீட்டுக்குள் இருந்து திட்டட்டும்.